கூண்டு நான்கு, கிண்ணம் நான்கு

அஜ்மானில், நுஐமியாவில், ஒன்பதாவது மாடியில்
வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.
உள்ளே நாங்கள் ஐந்து பேர்.

யாரையும் நான் காசு கொடுத்து வாங்கவில்லை.
விசா முடிந்தவர்கள் விட்டுப் போனார்கள்.
சாம்பல்கிளி சுல்தானை
பெய்ரூட் திரும்பிய நதீம் என் கையில் தந்தபோது
"பாதாம் கொடு, கோபத்தில் இருந்தால் தொடாதே" என்றார்.
அவரைப் பற்றிச் சொன்னாரோ, கிளியைப் பற்றியோ.
பச்சைக்கிளி குட்டாப்பியை
திருச்சூர்க்காரி ஷைலஜா ஏர்போர்ட் போகும் வழியில்
வண்டியை அணைக்காமலே இறக்கிவிட்டாள்.
டோடோய், மூன்றாம் மாடி மணிலா நர்ஸின் காக்கட்டீல்.
மிளகாய்க்கு மட்டும் முன்கதை இல்லை.
பார்க்கிங்கில் யாருடையதோ லேண்ட் க்ரூஸர் மேல்
மஞ்சளாய் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது.

கிளி கொஞ்சும் என்று யார் சொன்னது?
இங்கே நடப்பது எல்லைத் தகராறு.
ஃப்ரிட்ஜின் தலை குட்டாப்பிக்கு,
திரைச்சீலைக் கம்பி சுல்தானுக்கு.
மிளகாய்க்கு எதையும் எழுதிக்கொடுக்கவில்லை,
அதனால் எல்லாமே அதனுடையது.
போன மார்ச்சில் சுல்தானின் கால்விரலைக் கடித்துவிட்டது.
சோளமாவை அள்ளி அப்பினேன்.
என் கையிலும் ரத்தம்.
எது யாருடையது என்று பார்க்க நேரமில்லை.

சண்டை முற்றும்போது சுல்தான்
நதீமின் குரலில் "ஹலாஸ்!" என்று அதட்டும்.
யாரும் கேட்பதில்லை, சுல்தான் உட்பட.

நான்கு கிண்ணத்திலும் ஒரே தானியம்தான்.
ஆனாலும் பக்கத்துக் கிண்ணத்தில்தான் ருசி.
பெட் ஸ்பேஸில் ஆறு பெண்களோடு இருந்த காலத்தில்
என் ஊறுகாய் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன்.
அதை நினைத்து இதுகளை மன்னிக்கிறேன்,
பாதிக்கு மேல் முடியவில்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி கரண்ட் போனது.
கட்டிடத்தின் அத்தனை ஏசியும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டது.
வாட்ச்மேன் இனாயத், லிஃப்ட் இல்லாமல்,
பக்காலாவிலிருந்து ஐஸ் மூட்டையை ஒன்பது மாடி சுமந்து வந்தார்.
தரையில் ஈரத்துண்டு விரித்து
நான்கையும் குளியலறைக்குள் கொண்டுபோனேன்.
செல்போன் வெளிச்சத்தில்
துண்டு போடும் கம்பி ஒன்றே ஒன்று.
கொத்திக்கொள்ளும் என்று கையை நடுவில் வைத்தேன்.

கொத்தவில்லை.
இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து,
முதலில் மிளகாய் நகர்ந்தது, அப்புறம் டோடோய்,
ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை.
வெக்கையில் விலகி உட்காருவதுதான் நியாயம்.
இருட்டுக்கு அந்த நியாயம் தெரியவில்லை.

அப்போதுதான் சுல்தான் பேசியது.
மூன்று வருடமாக அரபி தவிர வாய் திறக்காத சுல்தான்,
தமிழில், என் குரலில்:
"சாப்பிட்டாச்சு. நல்லாத்தான் இருக்கேன். வைக்கட்டுமா?"

ஒவ்வொரு வெள்ளியும்
ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் பெனிட்டாவிடம் சொல்வது.
குரல் இறங்கும் இடம்கூட அப்படியே இருந்தது,
அந்த "தான்" வரைக்கும்.

குட்டாப்பி கழுத்தைச் சாய்த்து
"அதெயோ?" என்றது,
ஷைலஜாவின் மலையாளத்தில், ஷைலஜாவின் சந்தேகத்தோடு.
நான் பதில் சொல்லவில்லை.
மிளகாய் தோளில் ஏறிக் கம்மலை இழுத்தது.

மூன்றரைக்குக் கரண்ட் வந்தது.
டோடோய் உடனே மைக்ரோவேவ் மாதிரி மூன்று முறை கூவியது.
ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை,
ஃப்ரிட்ஜ் மேல் ஒன்று, கம்பி மேல் ஒன்று,
டோடோயின் கிண்ணத்துக்குள் மிளகாயின் தலை,
கூச்சல், ஹலாஸ், மறுபடி கூச்சல்.

அன்று புதன்.
ஐஸ் உருகிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன்,
கிளிகளுக்குக் கேட்காத மூலை
இந்த வீட்டில் எது என்று.